கென்ஜிக்கு நான் ஏற்றிய ஒன்றரைக் கிலோ

கூச்சக்காரனை நம்பி விருந்தாளியை ஒப்படைக்கக் கூடாது. வாய் உள்ளவர்கள் விருந்தாளியோடு கதைப்பார்கள். என்னைப் போன்றவர்களுக்குக் கதை வராது, அதனால் சாப்பாடு போடுவோம். மௌனம் நீள நீளக் கரண்டி வேகமாகும். இந்த உண்மையை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை (என் படிப்பு பத்தாம் வகுப்போடு சரி). ஆறு வருடங்களுக்கு முன்னர் ஒரு யூன் மாத வெள்ளிக்கிழமை, டென்மார்க்கில் இக்காஸ்ட் என்ற ஊரில் எங்கள் வீட்டுச் சமையலறையில், ஒரு ஜப்பானியச் சண்டை வீரரின் உடம்பில் ஒன்றரைக் கிலோ ஏற்றித்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் என் கூச்சத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். முன்பு துணி ஆலையில் வேலை செய்தேன். அதை மூடிய பிறகு, உறைய வைத்த உணவுப் பொருட்களை அடுக்கி வைக்கும் குளிர்க் களஞ்சியம் ஒன்றில் சேர்ந்தேன். டென்மார்க்கில் வரும்போது ஒரு 'ஹை' சொல்வார்கள், போகும்போது 'ஹை ஹை' என்பார்கள். பல நாட்கள் நான் வேலையிடத்தில் கதைத்தது அந்த மூன்று சொற்கள்தான். கோயில் திருவிழாவில் எல்லோரும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி "அரோகரா!" என்று கத்தும்போது, நான் கைகளை நெஞ்சுவரை கொண்டுவந்து உதட்டை மட்டும் அசைப்பேன். முருகனுக்குக் காது கூர்மை என்பது என் நம்பிக்கை.

இப்படிப்பட்டவனுக்கு ஒரு இரகசிய ஆசை இருந்தது. டென்மார்க் வந்து சில வருடங்களில், பழைய சாமான் சந்தை ஒன்றில் ஒரு பெட்டி நிறைய வீடியோ நாடாக்கள் கிடைத்தன. மேலே முழுக்க ஜப்பானிய எழுத்து. வீட்டில் போட்டுப் பார்த்தால் சண்டை. குத்து, உதை, மல்யுத்தம், கையை முறுக்கும் பிடி எல்லாம் கலந்த சண்டை. வர்ணனை ஜப்பானிய மொழியில். எனக்கு அப்போது டேனிஷும் தெரியாது, ஜப்பானியமும் தெரியாது. ஆனால் ஜப்பானியம் எவ்வளவோ மேல், ஏனென்றால் அதில் ஒருவரும் என்னிடம் திருப்பிக் கேள்வி கேட்கவில்லை. வேலை முடிந்து வந்து பின்னேரங்களில் அந்த நாடாக்களைத் தேயத் தேயப் பார்த்தேன்.

பிறகு இணையம் வந்தது. தேடிப் படித்து நான் ஒரு நிபுணன் ஆகிவிட்டேன் (கேட்பதற்கு ஒருவரும் இல்லாத நிபுணன்). எழுபதுகளில் உலகமே அறிந்த குத்துச்சண்டை வீரர் ஒருவர் தோக்கியோவுக்கு வந்தபோது, அவரோடு மோதிய ஜப்பானிய மல்யுத்த வீரர் பதினைந்து சுற்றிலும் பெரும்பாலும் மல்லாந்து கிடந்து அவருடைய காலை உதைத்தே பொழுதைப் போக்கிய கதை எனக்குத் தெரியும். முகமூடி போட்டு முன்கூட்டியே முடிவு பேசிய மல்யுத்தம் செய்துவந்த ஒருவர், இந்த நாடகம் போதும் என்று முகமூடியைக் கழற்றிவிட்டு உண்மைச் சண்டைக்கு வழி திறந்த கதை தெரியும். அதன் பின் வந்தவர்கள், முகத்தில் மூடிய கையால் குத்தக்கூடாது, விரித்த உள்ளங்கையால் அறையலாம் என்று விதி வைத்தது தெரியும் (எங்கள் பள்ளிக்கூட அதிபரும் அதே விதியைத்தான் கடைப்பிடித்தார்). கடைசியாக வந்த பொற்காலம் இருக்கிறதே! பெரிய அரங்கு. மேளம் முழங்க எல்லா வீரர்களும் வரிசையாக வந்து நிற்பார்கள். முதல் சுற்றே பத்து நிமிடம். மற்ற நாட்டுச் சனம் கத்தும். ஜப்பான் சனமோ கோயிலில் இருப்பதுபோல (எங்கள் கோயில் அல்ல) மூச்சுக்கூடக் கேட்கும் அமைதியில் இருந்து, ஒருவர் பிடியைச் சற்று மாற்றினாலே அதை விளங்கிக்கொண்டு கைதட்டும். ஆண்டின் கடைசி நாள் மாலையில் நாடே தொலைக்காட்சி முன்னால் இருந்து சண்டை பார்க்கும்.

இதிலெல்லாம் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. அந்த நாடாக்களில் சின்ன மனிதர்கள் மலை போன்ற மனிதர்களோடு மோதுவார்கள். அறுபது எழுபது கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள். ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: ஜப்பான்காரருக்கு எடை ஒரு பொருட்டே அல்ல. இந்த முடிவுதான் பின்னர் என்னைக் கொண்டுபோய்க் குழியில் தள்ளியது.

என் மகள் ஆரணிக்கு அப்போது இருபத்தொரு வயது. ஊரில் உள்ள கலப்புச் சண்டைக் கழகத்தில் பயிற்சி செய்தாள், அதன் நிர்வாகக் குழுவிலும் இருந்தாள். இந்த நாட்டில் கழகம் என்றால் எல்லாம் சம்பளமில்லா வேலை. ஒருவர் கோப்பி ஊற்றுவார், ஒருவர் கதிரை அடுக்குவார். ஆரணியின் பொறுப்பு, வெளியிலிருந்து வரும் வீரர்கள். சனிக்கிழமை விளையாட்டு மண்டபத்தில் நடக்கவிருந்த போட்டிக்கு, ஜேர்மனியில் ஹம்புர்க்கில் வாழும் கென்ஜி என்ற ஜப்பானியரை அவளே மாதக்கணக்காகக் கடிதம் எழுதிச் சம்மதிக்க வைத்திருந்தாள். எதிராளி எங்கள் ஊர்த் தபால்காரர் மிக்கெல். அன்றைய கடைசிச் சண்டை, முக்கியச் சண்டை. அதற்காகத்தான் அனுமதிச் சீட்டெல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது. குழுவில் சிலர், "இந்தச் சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய பொறுப்பா?" என்று முணுமுணுத்ததும் எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் என்னிடம் வந்தாள். என் பிள்ளை வழக்கமாக எனக்கு டேனிஷில் பதில் சொல்பவள். தமிழில் கதைத்தால் ஒன்று அன்பு, இல்லாவிட்டால் ஆத்திரம். அன்று அன்பு.

"அப்பா, ஒரு உதவி. ரெண்டு மணிக்கு கென்ஜி ஸ்டேஷனுக்கு வாறார். எனக்கு ஹாலிலை வேலை. நீங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வந்து வீட்டிலை படுக்க விடுங்கோ. ஆறு மணிக்கு ஹாலிலை எடை நிறுக்கிறது. அப்ப கொண்டு வந்தால் சரி."

"சாப்பாடு?"

"அவருக்கு ஒண்டும் வேண்டாம்."

"ஒண்டுமோ?"

"ஒண்டும் வேண்டாம், ஃபார்." (ஃபார் என்றால் டேனிஷில் அப்பா. பாதி மனம் ஏற்கனவே மண்டபத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.) "அவர் தானே பாத்துக்கொள்ளுவார். நான் உங்களை நம்பித்தான் விடுறன், என்ன?"

அவள் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் உலகத்துக்குள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நிறைவில்தான் யோசிக்க மறந்துவிட்டேன்.

ஏனென்றால் எங்கள் ஆட்களிடம் "ஒண்டும் வேண்டாம்" என்பது மறுப்பு அல்ல, தொடக்கம். யார் வீட்டுக்குப் போனாலும் "ஒண்டும் வேண்டாம், இப்பதான் சாப்பிட்டு வாறம்" என்போம். அதை நம்பி ஒன்றும் தராமல் விட்ட வீட்டை மூன்று தலைமுறைக்கு மன்னிக்கமாட்டோம். மகள் மரியாதைக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எடை நிறுப்பது எனக்குத் தடங்கலாகவே படவில்லை. ஜப்பான்காரருக்குத்தான் எடை ஒரு பொருட்டல்லவே! பள்ளிக்கூடத்தில் உயரமும் நிறையும் எடுப்பார்களே, அதுபோல ஏதோ ஒரு பதிவுக்கு என்று நினைத்தேன்.

மனைவி பவானி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள், அன்று பகல் முழுக்க வேலை. எங்கள் வீட்டில் சமையல் எப்போதும் நான்தான். வெள்ளிக்கிழமை என்பதால் மச்சம் இல்லை. தூர இடத்திலிருந்து வருகிற மனிதருக்கு ஒரு மீன் துண்டுகூடப் போட முடியவில்லையே என்ற குறையை ஈடுசெய்ய, அளவைக் கூட்டினேன். இடியப்பம், சொதி, சம்பல், கத்தரிக்காய்க் குழம்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், உழுந்து வடை, பாயாசம்.

இரண்டு மணிக்கு ரயிலால் இறங்கிய கென்ஜி மெலிந்த மனிதர், முப்பதைத் தாண்டியவர். நீண்ட கறுத்த முடியைப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தார். என்னைக் கண்டதும் குனிந்தார். நான் கும்பிட்டேன். நான் கும்பிட்டதால் அவர் திரும்பவும் குனிந்தார். அவர் குனிந்ததால் நான் திரும்பவும் கும்பிட்டேன். ரயில் போய்விட்டது. நாங்கள் இன்னும் முடிக்கவில்லை.

காரில் ஏறியதும் ஒரு உண்மை விளங்கியது. அவரும் கூச்சக்காரர். வீடு வரும்வரை இரண்டு பேரும் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி வந்தோம். என் மனதில் நாற்பது கேள்விகள். அந்த அரங்கைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த மேளம் உண்மையில் எவ்வளவு பெரியது? ஒன்றும் வாயால் வரவில்லை. வந்தது, "டென்மார்க்... காற்று" என்பது மட்டும். அவர் யோசித்துவிட்டு, "ஆம். காற்று" என்றார்.

வீட்டில் மேசையைக் கண்டதும் அவர் இரண்டு கைகளையும் ஆட்டி, வேண்டாம் என்றார். நான் ஒருமுறை வற்புறுத்தினேன். குனிந்து மறுத்தார். இரண்டாம் முறை வற்புறுத்தினேன். இன்னும் ஆழமாகக் குனிந்து மறுத்தார். மூன்றாம் முறை கேட்டபோது என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அவர் என்னைப் பார்த்தார், இடியப்பத் தட்டைப் பார்த்தார், கண்ணை மூடித் திறந்தார், இருந்தார்.

பாருங்கள், மூன்றாம் முறை கேட்டால் மறுக்கக்கூடாது என்பது எங்கள் ஆட்களுக்கு மட்டும் உள்ள வழக்கம் என்று நினைத்திருந்தேன். ஜப்பானியருக்கும் அதே வழக்கமாம். இதுமட்டுமா? சாப்பாட்டை மிச்சம் விடாமல் முடிப்பது, ஆக்கியவருக்குச் செய்யும் மரியாதை என்று அவருக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். வெறும் கோப்பையைக் கண்டால் உடனே நிரப்புவது, சாப்பிடுபவருக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். அவர் முடித்தார், நான் போட்டேன். நான் போட்டேன், அவர் முடித்தார். இரண்டு நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் ஒரு மேசையில் அகப்பட்டுக்கொண்டால் இதற்கு முடிவே இல்லை. நடுவில் அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. உறைப்பினாலாக்கும் என்று நினைத்து, அது தணிய இன்னும் இரண்டு கரண்டி சொதி ஊற்றினேன்.

பாயாசத்தின்போது துணிந்து உள்ளே போய், என் வீடியோ நாடாக்களைக் கொண்டுவந்து அவர் முன்னால் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, மேலே இருந்த எழுத்தைப் படித்தார். கண் கலங்கினதுபோல இருந்தது. அந்த உணர்ச்சியில் அவர் இரண்டாம் கிண்ணம் பாயாசத்தையும் முடித்தார். பிறகு பால் தேநீர். பிறகு சோபாவில் சரிந்தவர் ஐந்தரைவரை எழும்பவில்லை. விருந்து என்றால் இதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பாத்திரம் கழுவினேன்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். எடை நிறுப்பதைப் பார்க்கவே ஆட்கள் வந்திருந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்குப் படம் எடுக்கும் பெண் ஒருத்தியும் நின்றாள். முன்வரிசையில், எங்கள் கோயிலில் எல்லாவற்றிலும் முன்னுக்கு நிற்கும் சிவநேசன் அண்ணை. ஆரணி கேட்டதற்காகச் சீட்டு வாங்கியவர், வாங்கிய சீட்டுக்கு முழுப் பயனும் எடுக்க ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டார்.

முதலில் தபால்காரர் மிக்கெல் தராசில் ஏறினார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இரண்டு கிழமையாகப் பாண், பட்டர் எதையும் கண்ணால்கூடப் பார்க்கவில்லையாம். சரியாக அறுபத்தொரு கிலோ. எல்லோரும் கைதட்டினார்கள். ஏன் கைதட்டுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு கென்ஜி ஏறினார். தராசுக்குப் பொறுப்பான சிவப்புத் தாடிக்காரர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"அறுபத்தொன்று தசம் ஒன்பது."

மண்டபம் ஜப்பான் அரங்கு மாதிரி அமைதியாகியது. கழகப் பயிற்சியாளர் லார்ஸ் தலையில் கை வைத்தார். கென்ஜி காலையில் அறுபது தசம் நான்கு என்று ஆரணிக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தாராம். அறுபத்தொன்றுக்கு ஒரு துளி கூடினாலும் சண்டை இல்லை. ஆரணி கூட்டத்துக்கு நடுவே என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். நேரே வந்தாள். தமிழில் தொடங்கினாள். அன்பு இல்லை.

"அப்பா. இவர் என்ன சாப்பிட்டவர்?"

"பெரிசா ஒண்டுமில்லை, பிள்ளை."

"எண்டால்?"

"இடியப்பம்."

"எத்தினை?"

"எண்ணேல்லை."

"பிறகு?"

"சொதி, சம்பல், கத்தரிக்காய்... ரெண்டு வடை."

பக்கத்தில் நின்ற கென்ஜிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எங்கள் மேசையில் 'வடை' என்ற சொல்லைப் பழகியிருந்தார். நேர்மையான மனிதர். நான்கு விரல்களைக் காட்டினார்.

"பாயாசமும் குடுத்தனீங்களோ?"

"வெள்ளிக்கிழமையெல்லோ" என்றேன். அதைவிடப் பொருத்தமான பதில் இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

"தம்பி" என்றார் சிவநேசன் அண்ணை, நான்கு வரிசைக்குக் கேட்கும்படி. "சண்டை நாளைக்கெல்லோ? நீ இண்டைக்கே ஆளை விழுத்திப்போட்டாய்!"

மிக்கெல் திரும்பினார். என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு வருடம் எங்கள் வீட்டுத் தபால் நனைந்தே வந்தது (மழையாகவும் இருக்கலாம்). குழுவில் முணுமுணுத்தவர்கள் இப்போது வாய்விட்டே கதைத்தார்கள். ஆரணியின் கீழுதடு நடுங்கியதை நான் கண்டேன். சின்ன வயதில் சைக்கிளால் விழுந்தபோது நடுங்கியது, அதன்பிறகு அன்றுதான்.

சிவப்புத் தாடிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "விதிப்படி இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது."

தொள்ளாயிரம் கிராம், ஒரு மணி நேரம். நீச்சல் தடாகத்து நீராவி அறையோ திருத்த வேலைக்காகப் பூட்டியிருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்க, என் வாயால் என்னை அறியாமல் ஒரு வசனம் வந்தது.

"என்ரை காரிலை குளிர் உடுப்பு கிடக்கு."

பூச்சியத்துக்கு இருபது பாகை கீழே உறைந்து கிடக்கும் களஞ்சியத்தில் நான் போடும் உடுப்பு, கழுத்திலிருந்து கால்வரை மூடுவது. அதற்குள் கென்ஜியை இறக்கி, முன் இருக்கையில் இருத்தினோம். கண்ணாடிகளை மூடி, வெப்பத்தை உச்சத்தில் வைத்து, ஹேர்னிங் வீதியில் காரை விட்டேன். ஆரணி பின்னால் கடிகாரத்தோடு. வெளியில் யூன் மாத வெயில். கண்ணாடி முழுக்க நீராவிப் புகார் படிந்த காரைச் சைக்கிளில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

பத்து நிமிடத்தில் கென்ஜியின் தலை ஆடத் தொடங்கியது.

"கதையுங்கள்" என்றார். "தூக்கம் வருகிறது. தயவுசெய்து கதையுங்கள்."

ஆரணி வாயைத் திறக்கிற நிலையில் இல்லை. மிஞ்சியது நான். எனக்குக் கதைக்கத் தெரிந்த விடயம் உலகத்தில் ஒன்றே ஒன்று. தொடங்கினேன். உடைந்த ஆங்கிலத்தில், மல்லாந்து கிடந்து உதைத்த மல்யுத்தக்காரரைச் சொன்னேன். முகமூடியைக் கழற்றியவரைச் சொன்னேன். விரித்த கையைச் சொன்னேன். அதை ஸ்டியரிங்கில் அறைந்தும் காட்டினேன். பத்து நிமிடச் சுற்று, மேளம், ஊர்வலம், எல்லாம் சொன்னேன். சொந்தக் கலியாணத்தில்கூட நான் அவ்வளவு கதைத்ததில்லை. கென்ஜி வியர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

"நான் பார்த்தேன்" என்றார் திடீரென்று. "பதின்மூன்று வயது. அப்பா கூட்டிப்போனார். கடைசி மேல் வரிசை. வீரர்கள் அரிசி அளவு. ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கேட்டது. அவ்வளவு அமைதி. அடி விழுந்த சத்தம், மேலே, என்னிடம் வந்தது."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது (அந்தச் சூட்டிலும்). இவ்வளவு காலமும் நான் நாடாவில் கேட்ட அமைதிக்குள் இந்த மனிதர் ஒரு சிறுவனாக இருந்திருக்கிறார்!

"சின்ன ஆள், பெரிய ஆள்" என்றேன். "எடை பார்ப்பதில்லை. அதுதான் அழகு."

கென்ஜி என்னை நிதானமாகப் பார்த்தார். "பார்த்தார்கள். முதல் நாளே. அது நாடாவில் இல்லை." மூச்சு வாங்கினார். "பெரிய ஆளோடு என்றால், அப்படி ஒப்பந்தம். என் ஒப்பந்தம் அறுபத்தொன்று."

என் இருபது வருட நிபுணத்துவம் இறங்கி நடந்து போய்விட்டது.

ஆரணி பின்னாலிருந்து ஆங்கிலத்தில் கேட்டாள். "தெரிந்துகொண்டே ஏன் சாப்பிட்டீர்கள்?"

"அறுநூறு கிராம் இடம் இருந்தது. கொஞ்சம் சாப்பிடலாம் என்று நினைத்தேன். உங்கள் அப்பா மூன்று தரம் கேட்டார். மூன்றாம் தரமும் மறுத்தால், அது முகத்தில் அடிப்பது போல."

அவள் என்னிடம் திரும்பினாள். நான் அடுத்த அடியை எதிர்பார்த்துக் கழுத்தை உள்ளே இழுத்தேன்.

"மூடின கையாலையோ, விரிச்ச கையாலையோ?"

கண்ணாடியில் பார்த்தேன். சிரிப்பை அடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. நான் வழிநெடுகச் சொன்ன கதையெல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறாள்! அவள் சிரிக்க, கென்ஜி சிரிக்க, நானும் சிரித்தேன். சிரித்தாலும் வியர்க்கும். எல்லாம் கணக்கில் சேரட்டும் என்று சிரித்தோம்.

மண்டபத்துக்குத் திரும்பும்போது ஒன்பது நிமிடம் மிச்சம். கென்ஜி ஏறினார். அறுபத்தொன்று தசம் இரண்டு.

ஆரணி ஒரு நிமிடமும் வீணாக்கவில்லை. முதலுதவிப் பெட்டியில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து, கேள்வியாகக் காட்டினாள். கென்ஜி தலையைக் குனிந்தார். அந்த நீண்ட முடி ஈரத்தோடு கொத்துக் கொத்தாக விழுந்தது. ஒவ்வொரு கொத்தும் என் கரண்டி போட்டது என்று எனக்குப் பட்டது. பிறகு யாரோ ஓடிப்போய்க் கொண்டுவந்த முடிவெட்டும் மெஷினால் மொட்டை.

அறுபத்தொன்று தசம் ஒன்று.

"உடுப்பு" என்றார் சிவப்புத் தாடிக்காரர். இந்த விளையாட்டில் கடைசி வழி அது. முன்னால் இருவர் துவாயை விரித்துப் பிடிக்க, பின்னால் நின்று அரைக் காற்சட்டையையும் கழற்றிவிட்டு ஏறவேண்டும். ஒரு முனையை லார்ஸ் பிடித்தார். மறுமுனைக்கு ஆள் தேடி அவருடைய கண் சுற்றி வந்து என்னில் நின்றது.

"நீங்கள்" என்றார். அந்த ஒரு சொல்லில் 'இதையாவது ஒழுங்காகச் செய்யுங்கள்' என்ற முழு வசனமும் இருந்தது.

சாதாரண உடுப்பு மாற்றும் அறையிலேயே சுவரைப் பார்த்து நிற்பவன் நான். துவாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். முகத்தைத் திருப்பினேன். கண்ணை மூடினேன். மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டேன். அப்பனே, என் பிள்ளையின் முகத்தைக் காப்பாற்று. இனி யாருக்கும் வடை போடமாட்டேன். (இது பின்னர் காப்பாற்றப்படவில்லை.)

தராசு கிரீச்சிட்டது. பிறகு சிவப்புத் தாடிக்காரரின் குரல்.

"அறுபத்தொன்று... தசம் பூச்சியம்!"

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. ஐம்பது வயதுவரை நெஞ்சுக்கு மேலே போகாத என் கைகள், இரண்டும் ஒன்றாக, நேரே தலைக்கு மேலே போய்க் கூப்பிக்கொண்டன. கோயிலில் ஒருநாளும் வராத சத்தம் அடிவயிற்றிலிருந்து வந்தது.

"அரோகரா!"

கைகூப்ப இரண்டு கையும் வேண்டும். துவாய்க்குக் கை மிஞ்சவில்லை.

கண்ணைத் திறந்தபோது துவாய் லார்சின் ஒரு கையில் கொடிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. கென்ஜி, பிறந்த நாளன்று இருந்தபடி, தராசில் நின்றார். நாள்முழுக்க என்னைப் பார்த்து நான் செய்வதைத் திருப்பிச் செய்தே பழகிய மனிதர் அல்லவா? மரியாதைக்கு அவரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கூப்பினார். படம் எடுக்கும் பெண்ணின் வெளிச்சம் அடித்தது. டேனிஷ்காரர் உடம்பைக் கண்டு வெட்கப்படாத சனம், எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்வரிசையில் கண்ணைப் பொத்தியவர் சிவநேசன் அண்ணை ஒருவர்தான் (விரல்களுக்கு நடுவே இடைவெளி இருந்தது).

"டேய் தம்பி" என்றார் பிறகு. "பதினெட்டு வருசமா கோயிலுக்கு வாறாய். உன்ரை வாயிலையிருந்து ஒரு அரோகரா நான் கேட்டதில்லை. வைச்சிருந்து இதுக்கே போட்டனி?"

மறுநாள் கென்ஜி மொட்டைத் தலையோடு மண்டபத்துக்குள் வந்தார். மேடையில் ஏறியதும் கைகளை உயர்த்தி, "அரோகரா!" என்றார். கூட்டம் அதைப் பழைய ஜப்பானியப் போர்க்குரல் என்று எடுத்துக்கொண்டு திருப்பிக் கத்தியது. நல்ல சண்டை. மூன்று நடுவர்களில் இருவர் மிக்கெலுக்குக் கொடுத்தார்கள். நான் கென்ஜியிடம் போய், பழைய ஜப்பானிய முறைப்படி சுற்றுச் சுற்றாகப் புள்ளி போடாமல் முழுச் சண்டையையும் ஒன்றாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் நீங்கள்தான் வென்றிருப்பீர்கள் என்றேன். அவர் வீங்கிய கண்ணோடு சிரித்து, "இடியப்பம் மிச்சம் இருக்கிறதா?" என்று கேட்டார். அன்று சனிக்கிழமை. மீன் குழம்பும் வைத்தேன். இந்த முறை ஆரணியும் பவானியும் பக்கத்தில் இருந்தார்கள், ஆனால் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை பத்திரிகையில் படம் வந்தது. கென்ஜியைத் தோளுக்கு மேலேதான் போட்டிருந்தார்கள். பக்கத்தில் நான், கண்களை மூடி, கைகளைக் கூப்பி, பரவசத்தில். என் கூச்ச வாழ்க்கையில் பத்திரிகையில் வந்த ஒரே படம் அது. சிவநேசன் அண்ணை அதை வெட்டி எடுத்துக் கோயில் மடைப்பள்ளிக் கதவில் ஒட்டினார். இன்னும் இருக்கிறது.

அடுத்த வருடக் கூட்டத்தில் கழகம் எனக்கு ஒரு பதவி தந்தது: எடை நிறுத்த பிறகு வீரர்களுக்குச் சாப்பாடு போடும் பொறுப்பு. 'பிறகு' என்ற சொல்லின் கீழே ஆரணி இரண்டு கோடு போட்டிருக்கிறாள். இன்றும் அந்தக் கழகத்துப் பொன்முடிப் பிள்ளைகள் சண்டைக்கு முன்னர் "அரோகரா" என்றுதான் கத்துகிறார்கள். ஜப்பானியம் என்று நம்புகிறார்கள். திருத்த எனக்குக் கூச்சம்.

கென்ஜி இப்போது சண்டையை விட்டுவிட்டார். ஒவ்வொரு வருடமும் கடைசி நாளன்று, அவருடைய நாட்டில் சண்டை பார்க்கிற அந்த மாலையில், ஒரு படம் அனுப்புவார். குளியலறைத் தராசின் படம், வேறு ஒரு வார்த்தையும் இல்லை. போன முறை எழுபத்து நான்கு.

கோயில் திருவிழாவிலோ என் நிலைமை இன்னும் மோசம். தேர் வாசலுக்கு வந்து எல்லோரும் கைகளைத் தூக்கும் நேரத்தில், ஊரே திரும்பி என்னைப் பார்க்கிறது. நான் பழையபடி நெஞ்சோடு நிறுத்திக்கொள்கிறேன். போன வருடம் பவானி என் முழங்கையில் இடித்தாள்.

"தூக்குங்கோப்பா, பயப்பிடாதேங்கோ. ஐயர் வேட்டியோடைதான் நிக்கிறார்."